குடும்பமே பார்த்து எடுத்த வண்டி

லாயாங் லாயாங்கைச் சுற்றியிருந்த தோட்டங்களில், எங்கள் காலத்தில், மோட்டார் வாங்குவது தனியாள் காரியமாக இருந்ததில்லை. ஓட்டப்போகிறவன் ஒருத்தன்தான், ஆனால் எந்த வண்டி என்று தீர்மானிக்க அம்மா, அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமா, பெரட்டுக் களத்தில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும் மண்டோர், ஏற்கெனவே வண்டி வைத்திருக்கிறவர்கள் என்று ஒரு கூட்டமே உண்டு. பாட்டியைக் கிளினிக்குக்கு ஏற்றிப்போக இருக்கை போதுமா, மழைக்காலத்துச் செம்மண் சாலையில் சறுக்காமல் நிற்குமா, முன்னால் கூடை மாட்டலாமா, கோழித்தீவன மூட்டையைக் கால்களுக்கு நடுவே வைத்தால் கியர் போட இடமிருக்குமா, இத்தனைக்கும் பதில் கிடைத்த பிறகுதான் விலைப் பேச்சே தொடங்கும். எவ்வளவு வேகம் போகும் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை, பதினேழு வயதில் இருந்த என்னைத் தவிர. உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கும். ரெங்கமோ குளுவாங்கோ சுங்கை சிப்புட்டோ, தோட்டத்தின் பெயர்தான் வேறாக இருந்திருக்கும்.

எனக்கு அப்போது யமஹா ஆர்எக்ஸ்இசட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. 1980களின் நடுவில் அது வந்ததிலிருந்து ஜொகூர் முழுக்க இளவட்டங்களின் பேச்சு அதைப் பற்றித்தான். ஐந்து கியர், இடக்கையில் கிளட்ச், பெரிய வண்டியைப்போல் முழங்கால்களுக்கிடையே எண்ணெய்த் தொட்டி, தூரத்திலேயே அடையாளம் தெரியும் அந்தக் கூர்மையான சத்தம். மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குச் சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஒருவர் அதில் வந்து இறங்கினார். சாமி ஊர்வலம் கிளம்பிய பிறகும் நாங்கள் நாலைந்து பேர் அந்த வண்டியைவிட்டு நகரவில்லை. சைலன்சரின் சூடு ஆறும்போது உலோகம் டிக் டிக்கென்று சத்தமிடும். அதைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பதினேழு வயதுப் பையனை இன்று நினைத்தால் எனக்குப் பிரியமாகத்தான் இருக்கிறது. அவனிடம் காசு இல்லை, உரிமம் இல்லை, வேலைகூட நிரந்தரமில்லை. ஆனால் உலகத்தில் எது அழகு என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அம்மா ஒரே கேள்வியில் அதை முடித்துவைத்தார். "அதுல எங்கடா கூடை மாட்டுறது?"

அம்மாவுக்கு அப்படிக் கேட்க உரிமை இருந்தது, ஏனென்றால் பணம் அவருடையது. எங்கள் பக்கத்து உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயரை உலகெங்கும் செம்பனை விதை ஆராய்ச்சி செய்கிறவர்கள் அறிவார்கள். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தாய்மரங்களின் வம்சத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அந்த மரங்களையும் அவற்றைப்போன்ற மற்றத் தோட்டத்து மரங்களையும் காய்க்கவைத்தவர்களில் எங்கள் அம்மாக்களும் இருந்தார்கள் என்பது எந்த ஆராய்ச்சியிலும் வராது. 1981க்கு முன் செம்பனைக்கு மகரந்தம் ஊட்டுவது கைவேலை. ஆண்பூவின் மகரந்தத்தைத் தட்டி எடுத்து, டால்கம் மாவோடு கலந்து, விரிந்த பெண்பூவைத் தேடித்தேடி ஊதவேண்டும். மகரந்தத் தூள் முகத்தில் அப்பிக்கொள்ள, முள்ளுக்கு நடுவே கைவிட்டுச் செய்கிற வேலை அது. அந்த வருடம் பிப்ரவரியில், கேமரூனிலிருந்து கொண்டுவந்த கூன்வண்டுகளைக் குளுவாங் பக்கம் பாமோல் கம்பெனியின் மாமோர் தோட்டத்தில் முதன்முதலாகத் திறந்துவிட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே எங்கள் பக்கத்து மரங்களுக்கும் வண்டு வந்து சேர்ந்தது. காய்ப்பு கூடியது, மகரந்தம் ஊதிய பெண்கள் உதிரிப்பழம் பொறுக்கவும் களை எடுக்கவும் போனார்கள். நாட்டுக்கு அது பெரிய லாபம், மறுக்க முடியாது. எங்கள் வீட்டில் அதன் பொருள், அம்மா கட்டிவந்த சீட்டு இரண்டு மடங்கு மெதுவாக நகர்ந்தது என்பதுதான். அந்தச் சீட்டு விழுந்தபோது அதில் ஒரு மோட்டார் எடுக்கலாம் என்று அம்மா சொன்னார். அந்தப் பணத்தில் சத்தத்தையும் வேகத்தையும் வாங்க எனக்கு நாக்கு எழவில்லை.

ஆக, கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவை சில. ஹோண்டா சி70 இருந்தது. யமஹாவின் வி80, சுசூகியின் ஆர்சி80 இரண்டும் டூ ஸ்ட்ரோக். மேட்டில் சுறுசுறுப்பாக ஏறும், ஆனால் பெட்ரோலோடு 2டி எண்ணெய்க்கும் காசு எடுத்துவைக்கவேண்டும், பின்னால் உட்கார்ந்து வருகிறவர்கள் நீலப் புகையோடுதான் வீட்டுக்கு வந்து சேர்வார்கள். ஹோண்டாவின் இஎக்ஸ்5 அப்போதுதான் புதிதாக வந்திருந்தது, 97 சிசி, நாலு கியர். பார்த்தவர்கள் எல்லாம் இது நிற்கும் என்றார்கள், ஆனால் விலை எங்கள் கணக்கைத் தாண்டி நின்றது. சித்தப்பா மட்டும் ஒவ்வொரு வண்டியைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேட்டார்: கெட்டுப்போனால் லாயாங் லாயாங்கிலேயே சாமான் கிடைக்குமா, குளுவாங்குக்குப் போகவேண்டுமா? புதிதாக ஓட்ட வருகிற எவருக்கும் அதைவிட நல்ல கேள்வியை நான் இன்றுவரை கேட்டதில்லை.

கடைக்குப் போனது நாலு பேர். ரயில் பாதைக்குப் பக்கத்துக் கடைவரிசையில், முன்புறம் மோட்டார்களும் பின்புறம் வீடுமாக இருந்த சின்னக் கடை. தவுக்கேக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். எங்களில் பலருக்கு அவருடைய ஹக்கா நாலு வார்த்தைகூட வராது. என்னை மேலும் கீழும் பார்த்தார், உயரத்தைப் பார்த்தார் என்று பிறகுதான் புரிந்தது. ஓரமாக நின்ற பழைய சி70 ஒன்றைத் தள்ளிக்கொண்டுவந்து, "தம்பி, ஒக்காரு. ரெண்டு காலும் கீழ படுதா?" என்றார். பட்டது, முழுப் பாதமும். "இது புது ஆளுக்கு நல்லது. விழுந்தாலும் ஒன்னால தனியா தூக்க முடியும்." அப்பா மூடியைத் திறந்து எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தார். சித்தப்பா சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கோணல் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பணத்தில் ஒரு பகுதி கையில், மீதி மாதாமாதம். அதற்குக் காகிதம் எதுவும் போடவில்லை. "நான் இருக்கேன்" என்றார் கூடவந்த மண்டோர். தவுக்கே ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தில் என் பெயரைச் சீனத்தில் எழுதிக்கொண்டார். என் பெயர் அந்த எழுத்தில் எப்படி ஒலிக்கும் என்று கேட்டுவைக்காமல் போனது எனக்கு இன்னும் குறைதான்.

அந்த வண்டிக்குப் பின்னால் இருந்த கதை எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சூப்பர் கப் என்ற பெயரில் ஜப்பானில் 1958இல் வெளிவந்த வண்டியின் வாரிசு அது. சோபா கொண்டுபோகிற கடைப்பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறுகையால் ஓட்டவேண்டும் என்பது அதை உருவாக்கியவர்கள் மனத்தில் இருந்த எண்ணங்களில் ஒன்று. அதனால்தான் இடக்கையில் கிளட்ச் இல்லை. கால் மிதியை அழுத்தும்போதே கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும். பினாங்கில் பேருந்து கழுவுகிற பையனாகத் தொடங்கி, எழுதப் படிக்கத் தெரியாமலேயே பெரும் வணிகரான லோ பூன் சியூ, 1950களின் இறுதியில் ஹோண்டாவின் முகவர் உரிமையைப் பெற்று அதை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார். சூப்பர் கப் வகை வண்டிகள் 2017இல் உலகம் முழுவதற்குமாகப் பத்துக் கோடியைத் தொட்டன. கார் வாங்க முடியாத கோடிக்கணக்கான குடும்பங்கள் முதன்முதலாகத் தங்கள் நேரத்துக்குத் தாங்களே எசமானர்களானது இந்தச் சின்ன வண்டியின் மேல் உட்கார்ந்துதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்: அதுவரை பேருந்து வந்தால் பட்டணம், வராவிட்டால் வீடு. அதன் பிறகு, மழை விட்டால் பட்டணம்.

72 சிசி, மூன்றே கியர். குளுவாங் மருத்துவமனைக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு மேட்டில் போகும்போது இரண்டாம் கியருக்கு இறங்கிவிடுவேன். ரப்பரும் செம்பனையும் மாறிமாறி மெதுவாகப் பின்னால் போகும், அம்மா பின்னாலிருந்து இது யார் தோட்டம், இங்கே யார் வேலை செய்தார்கள், யார் பெண் இங்கே கட்டிக்கொடுக்கப்பட்டாள் என்று காதோரம் சொல்லிக்கொண்டே வருவார். அந்த வேகத்தில் பேச முடிந்தது. அம்மாவோடு அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அந்த வண்டியின் மேல் மட்டுமே.

காலையில் வண்டியைக் கிளப்புவதிலும் ஒரு சுகம் இருந்தது, இப்போது சொன்னால் யாருக்கும் புரியாது. சோக்கை இழுத்துவிட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி அந்த இறுக்கம் வருகிற இடத்தைக் காலால் தேடிப்பிடித்து, அங்கிருந்து ஒரே மிதி. கிளம்பாவிட்டால் பிளக். பிளக் மூடியைக் கழற்றி, குழாய்ச் சாவியைக் கொடுத்துத் திருகி வெளியே எடுத்தால், நுனியில் மையாகப் படிந்திருக்கும் கரி. மணல்தாளில் தேய்த்து, வாயால் ஊதி, இடைவெளி சரிதானா என்று நாட்காட்டி அட்டையை மடித்து நுழைத்துப் பார்த்து, மறுபடி கையாலேயே நூல் பிடித்துத் திருகிவிடவேண்டும். எடுத்த எடுப்பில் சாவி போட்டால் மரை நசுங்கிவிடும். அதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் தவுக்கே. பக்கத்தில் ஒரு குட்டி முக்காலியைப் போட்டு உட்காரவைத்து, "நீ செய், நான் பாக்கிறேன்" என்றார். கூலி வாங்கவில்லை. வண்டியை ஓட்டக் கற்றுக்கொள்வதும் வண்டியைப் புரிந்துகொள்வதும் அன்று ஒரே படிப்பாக இருந்தன.

சாலை வரிச் சீட்டை வட்டமாக வெட்டி, கண்ணாடி மூடிய சின்னத் தகரக் கூட்டுக்குள் வைத்துத் திருகுவதுகூட வருடத்துக்கு ஒருமுறை ஒரு சடங்கு. வட்டம் கோணலாகிவிடக் கூடாதென்று தங்கையின் பள்ளிக் கத்தரிக்கோலைக் கடன் வாங்குவேன். 1992இல் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டவேண்டும் என்று சட்டம் வந்தபோது, பல மாதங்களுக்குத் தோட்டத்துச் சாலையில் எதிரே வருகிற பெரியவர்கள் எல்லாரும் கையைக் குவித்துக் குவித்து விரித்து, "தம்பி, லைட்டு எரியுது!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேருக்கு என் பாட்டரி மேல் அக்கறை இருந்தது. பிறகு 1996இல் கெடாவின் குருனிலிருந்து மோடெனாஸ் கிறிஸ் வந்தது, நம் நாட்டிலேயே செய்த வண்டி என்ற பெருமையோடு, 110 சிசி. தம்பி அதை எடுத்தான். அவனுக்கும் ஒரு கூட்டம் கூடியது, ஆனால் சின்னக் கூட்டம். மண்டோர் ஓய்வுபெற்று மகன் வீட்டுக்குப் போயிருந்தார், சித்தப்பா கூலாய்க்குக் குடிபெயர்ந்திருந்தார். தவணைக்குக் காகிதம் போட்டார்கள், மூன்று படிவம், சம்பளச் சீட்டின் நகலோடு.

அதன்பின் தோட்டமே பெயர்ந்துபோனது. பிள்ளைகள் செனாய், கூலாய், ஜொகூர் பாரு தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பலர் விடியுமுன் எழுந்து மோட்டாரிலேயே பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் இரவில் திரும்பினார்கள். 2007இல் தோட்டக் கம்பெனிகளான கத்ரியும் சைம் டார்பியும் ஒன்றானபோது பெயர்ப்பலகைகள் மாறின. லயன்களில் இப்போது இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஓட்டுவது பழைய இஎக்ஸ்5; பின்னால் அரிவாளும் நீண்ட கம்பும் கட்டியிருக்கும். ஒற்றைத் தண்டவாளம் இருந்த இடத்தில் மின்சார இரட்டைத் தண்டவாளம், புதிய நிலையம். தவுக்கே கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது நினைக்கவைத்தவள் தம்பி மகள். கூலாயில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்திருக்கிறது அவளுக்கு. பி2 உரிமத்துக்கு ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, ஒடுக்கமான பலகையின் மேல் மெதுவாகப் போகும் பயிற்சியை முடித்திருக்கிறாள். போன வாரம் வந்து உட்கார்ந்து கைப்பேசியை என் கையில் கொடுத்து, "பெரியப்பா, எது எடுக்கலாம்னு பாருங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு உள்ளே என்னவோ நிறைந்துபோனது. திரையில் ஹோண்டா இஎக்ஸ்5, வேவ் ஆல்பா, மோடெனாஸ் கிறிஸ், கியரே இல்லாத ஸ்கூட்டர்கள் என்று வரிசையாக. எடை, இருக்கை உயரம், மாதத் தவணை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். நாங்கள் நாலு பேர் ஒரு பிற்பகல் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து தேடிய விவரங்கள், அவள் விரலை ஒருமுறை தள்ளினால் வந்துவிடுகின்றன. அவள் தம்பிக்கு மட்டும் யமஹா ஒய்15 மேல் கண்; அக்கா அதை வாங்கினால் தானும் ஓட்டலாமே என்ற கணக்கு. அது ஒன்பதாயிரம் வெள்ளியைத் தாண்டுகிறது, மற்றவை ஐயாயிரத்தை ஒட்டி நிற்கின்றன. முதல் வண்டிக்கு அந்த வித்தியாசத்தைக் கொட்டவேண்டாம் என்று சொன்னேன். முன்னும் பின்னும் சாய்ந்து பழகுகிற வயதில் இலகுவான, தாழ்ந்த, விழுந்தால் தானே தூக்கி நிறுத்தக்கூடிய வண்டி போதும். தவுக்கே எனக்குச் சொன்னதையே இவளுக்கும் சொன்னேன்.

எல்லாம் போய்விட்டது என்று புலம்ப எனக்கு மனமில்லை. எரிபொருளைத் தானே அளந்து செலுத்தும் எஞ்சின் மழைக்காலக் காலையிலும் ஒரே பொத்தானில் கிளம்புகிறது. வேலைக்கு நேரத்தோடு போகவேண்டிய பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். முன்சக்கரத்து டிஸ்க் பிரேக் எங்கள் காலத்து டிரம்மைவிட நம்பகமானது. நூற்றைம்பது சிசி வரை சாலை வரி இரண்டே வெள்ளி. பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் மோட்டாருக்குச் சுங்கக் கட்டணமும் கிடையாது. 2023இலிருந்து வரிச்சீட்டை ஒட்டவேண்டியதில்லை, கைப்பேசிச் செயலியில் காட்டினால் போதும். தங்கையின் கத்தரிக்கோலுக்கு இனி வேலையில்லை, அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஒரு கையில் சோபாத் தட்டை ஏந்திய பையனுக்காக யோசிக்கப்பட்ட வண்டியை, முதுகில் பச்சையும் இளஞ்சிவப்புமாகப் பெட்டி கட்டி உணவு கொண்டுபோகும் நம் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். அறுபது வருடம் கழித்தும் அது அதே வேலையைத்தான் செய்கிறது.

என்னை உறுத்துவது வேறு. மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போகிறவர்கள். 1973இலிருந்து தலைக்கவசம் கட்டாயம். ஆனாலும் நாங்கள் அதைத் தோட்டத்துக்குள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, பெரிய சாலை வந்ததும் தலைக்கு ஏற்றினோம். அன்று சாலையில் எங்களோடு போனவை ரப்பர்ப்பால் லாரியும் செம்பனைக் குலை லாரியும். நாற்பது மைல் வேகத்தில் எல்லாரும் எல்லாரையும் பார்த்தோம். இவள் போகப்போகும் சாலையில் கொள்கலன் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அதனால் சிரிம் முத்திரையுள்ள, முகம் முழுக்க மூடும் தலைக்கவசத்தை முதலில் வாங்கு, வண்டியை அப்புறம் பார்க்கலாம் என்றேன். அது கனமாக இருக்கிறது, முடி கலைகிறது என்றாள். கடையில் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தலையை ஆட்டினால் கவசம் தனியாக ஆடக்கூடாது, கன்னத்தை லேசாக அழுத்தவேண்டும், அவ்வளவுதான். அதற்கான பணம் என்னுடையது என்று சொன்ன பிறகு ஒப்புக்கொண்டாள்.

கடைசியில் வேவ் ஆல்பாதான் என்று முடிவாகியிருக்கிறது, சிவப்பு நிறத்தில். எனக்கு இஎக்ஸ்5 மேல்தான் மனம். சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆள் இருப்பான் என்று என் சித்தப்பாவின் கேள்வியை அவள் முன்னால் வைத்தேன். இதற்கும் கிடைக்கும் பெரியப்பா, விசாரிச்சுட்டேன் என்றாள். ஒரு கடையில் இல்லை, மூன்று கடையில், கைப்பேசியில் பேசியே விசாரித்திருக்கிறாள். அதற்கு மேல் நான் பேசவில்லை. கூடை மாட்டலாமா என்று அவள் அம்மா கேட்டிருக்கிறாள், மாட்டலாமாம். சம்பளம் வந்ததும் முன்பணம் கட்டிவிட்டு, கூலாயிலிருந்து வண்டியை என் தம்பியே ஓட்டிவருவதாக ஏற்பாடு. நெடுஞ்சாலையில் ஏறவேண்டாம், புது எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு முறுக்கக்கூடாது, செடெனாக் பக்கம் பழைய சாலையிலேயே மெதுவாக வா என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.